பென்சில்

கொல்லத்து இழுவலையில் சிக்கி,
தெர்மாகோல் பெட்டியில் தொப்பூர் கணவாய் ஏறி
பாலக்கோட்டுக்கு வந்திருக்கிறது இந்த ஐசோபாட்.
எண்ணூறு மீட்டர் இருட்டில் ஊர்ந்தது
இப்போது டியூப்லைட்டின் கீழே மல்லாந்து,
ஒரு சாண் நீளம்.

ஏழு ஜோடிக் கால். சரி.
கண்ணிரண்டும் முக்கோணம். சரி.
வால் தட்டின் ஓரத்து முட்களில்தான் வம்பு:
எனக்குப் பதினொன்று,
மாதம்மாளுக்குப் பதின்மூன்று.
கோடியில் இருக்கும் இரண்டு மேடும்
முறிந்த முள்ளா, முளைக்காத முள்ளா
என்பதற்குள் சிற்றினமே மாறிவிடும்.

சென்னை விடுதியில் முதல் ராத்திரி
நான் சிரித்ததும் ஒருத்தி கேட்டாள்,
"தருமபுரிப் பக்கமா?"
லென்ஸ் இல்லை, ஊசி இல்லை,
எண்ணக்கூட இல்லை.
எங்கள் போர்வெல் தண்ணீர்
பல்லில் போட்ட பழுப்புக் கோடு போதுமாயிருந்தது.
அப்புறம் ஆறு மாதம்
உதட்டை மூடியே சிரித்தேன்.

ஐந்தரைக்குக் கரண்ட் போனது.
சன்னலோரம் தூக்கிப்போய் மறுபடி எண்ணினோம்.
பன்னிரண்டு.
மாதம்மாள் வாய் கொள்ளாமல் சிரித்தாள்;
அவளுக்கும் அதே கோடுகள்,
என்னைவிட அடர்த்தியாக.

பேரினத்தை எழுதி
சிற்றினத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டேன்.
பென்சிலில்தான்.
பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்,
இது கிடக்கும்.