படத்தில் கொஞ்சம் மணல்

புன்டா அரேனாஸில் காற்றைத் திட்டினால்
யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.
வசந்தத்தில் தெருவோரம் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
கண்ணுக்குத் தெரியாத வெயிலுக்கும்
இங்கே ஒரு விளக்குக் கம்பம் உண்டு.
ஊதா எரியும் நாளில்
பள்ளி வாசலில் நின்று ஆசிரியைகள்
பிள்ளைகளின் மூக்கில் களிம்பு அப்புவார்கள்,
சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல.

அந்த ஊரில்தான் ஆறு வருடம் நான்
பெரியவர்களின் எண்ணை வைத்துக்
குழந்தைகளைப் படமெடுத்தேன்.

எந்திரம் வரும்போதே அந்த எண் உள்ளே இருந்தது.
எண்பது கிலோ மீனவனுக்கும்
எட்டு கிலோ பிள்ளைக்கும் ஒரே பொத்தான்.
படம் பளிங்காய் விழும்.
மருத்துவர்கள் மெச்சுவார்கள்.
நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

சாந்தியாகோவிலிருந்து ஒரு பெண் வந்தாள்,
இயற்பியல் படித்தவள், சளி பிடித்தவள்.
பழைய பதிவுகளைப் புரட்டி, மூக்கைச் சிந்திவிட்டு,
"இது யார்?" என்றாள்.
யாஸ்னா மிஹோவிலோவிச். ஏழு வயது. வயிற்று வலி.
ஒரே குளிர்காலத்தில் மூன்று முறை.
அவள் கூட்டிப் பார்த்தாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
நான்தான் கேட்டேன்.
"ஒன்றும் ஆகாமலே போகலாம்" என்றாள்,
"ஆனால் பாதி போதுமாக இருந்தது. பாதியிலும் பாதி."

இன்றிரவு இஸ்மாயேல் ஒயார்சோ, ஐந்து வயது.
காற்று அறைந்த இரும்புக் கதவு, நெற்றியோரம்.
ஒரு தடவை வாந்தி.
பேர் சொல்கிறான். நாயின் பேரையும் சொல்கிறான்,
கேட்காமலே.
பணிமருத்துவர் உர்ருத்தியா தாளை நீட்டுகிறார்:
தலை, கழுத்து. மருந்து ஏற்றாமல் ஒன்று, ஏற்றி ஒன்று.
"கழுத்தில் என்ன தேடுகிறோம், டாக்டர்?"
பேனாவைக் கடித்தபடி யோசிக்கிறார்.
கழுத்து போகிறது. மருந்தும் போகிறது.
"தலையும் நான்கு மணிநேரம் காத்திருக்கலாமே,
நாம் கண் மூடாமல் இருந்தால்?"

தகப்பனுக்கு நண்டுத் தொழிற்சாலையில் வேலை,
விரலில் இன்னும் அந்த வாடை.
"எந்திரம் இருக்கிறதல்லவா?
எங்களுக்கென்றால் மட்டும் பூட்டி வைப்பீர்களோ?"
என்னிடம் நல்ல பதில் இல்லை.
காப்பி வாங்கிக் கொடுத்தேன்.
வாங்கினார், குடிக்கவில்லை.

இரண்டு நாற்பதுக்கு மறுபடி வாந்தி.
அதன்பின் நாயின் பேரைக் கேட்டோம்;
தூக்கத்தில் முனகினான், பேர் வரவில்லை.

அப்புறம் பேச்சே இல்லை. நானே தூக்கிக்கொண்டு ஓடினேன்.
மேசையை இரண்டு விரற்கடை உயர்த்தி
தலையை வளையத்தின் நட்டநடுவில் வைத்து,
எண்ணைக் குறைத்து, இன்னும் குறைத்து,
உச்சி முதல் மண்டையோட்டின் அடிவரை,
அதற்குக் கீழே ஒரு மயிரிழைகூட இல்லாமல்,
ஒரே ஒரு சுற்று.
"நாய் தூங்குகிறது, எழுப்பிவிடாதே" என்றேன்.
கேட்டானோ என்னவோ, அசையவில்லை.

உர்ருத்தியா முகத்தைச் சுளித்தார்.
"படம் மணல்மணலாக இருக்கிறதே."
"மணலுக்குள் பாருங்கள்."

பார்த்தார். எலும்பில் ஒரு கீறல்.
அதன் உட்புறம், நகக்கண் அளவு ரத்தம்.
பளிங்கிலும் இவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

அறுவை மருத்துவர் பனிக்கால பூட்ஸோடு வந்து நின்றார்,
விடியும்வரை இருந்தார், கத்தி எடுக்கவில்லை.
ஆறு மணிக்குப் பையன் ரொட்டி கேட்டான்.
தகப்பன் ஆறிய காப்பியைக் குடித்தார்.
"முதலிலேயே எடுத்திருக்கலாம்" என்றார்.
இருக்கலாம். அதையும் நான் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன்.

வழியில் ரொட்டிக் கடை.
கல்லாவில் யாஸ்னா; பதினாறு ஆகிறது.
காதில் புதுத் தோடு, வாயில் சூயிங்கம்,
கன்னத்தில் அடுப்பின் சிவப்பு.
என்னை அவளுக்கு நினைவில்லை.
மீதிச் சில்லறையை ஒவ்வொன்றாய் எண்ணித் தருகிறாள்.
நான் எண்ணாமல் வாங்கிக்கொள்கிறேன்.