மெதுவான கால்

முளகுமூடு இறக்கத்தில் நான் பிரேக் பிடித்தது
எனக்கும் பெட்போர்டுக்கும் மட்டும் தெரியும்.
பின்னால் வந்த டிவிஎஸ் வண்டிக்குத் தெரியாது.
எட்டுத் தட்டு முட்டை.
பின்பலகையில் மஞ்சள் வழிந்து
'ஒலி எழுப்பவும்' என்பதில்
ஒலியை மூடியது.

செல்வதாசன் எழுந்து சாரத்தை உதறிக் கட்டினான்.
திட்டவில்லை.
"ஓய், நீரு நிக்கப்போற விவரத்த
யாருட்டயாவது சொல்லுவீரா?"

உடையாத இருபத்துமூன்றை
அவனே எண்ணிக் கழித்தான்.
மீதிக்குப் பாதிப் பணம் கொடுத்தேன்,
பாதி கடன்.

மாஸ்டர் சிலிண்டரில் இருந்தது
அறுபத்தாறாம் வருஷத்துப் பித்தளை ஸ்விட்ச்.
எண்ணெய் அழுத்தம் ஏறினால் விளக்கு எரியும்.
ஓங்கி மிதிக்கிறவனுக்கு உடனே எரியும்.
நானோ தடவித் தடவி மிதிக்கிறவன்.
குலையில் ஒரு மட்டிப்பழம் கன்றாமல்
திங்கள்சந்தைக்குக் கொண்டுபோகிற கால் இது.
முப்பது வருஷமாக
அதை ஒரு பெருமையாக வைத்திருந்தேன்.

கழற்றி, செய்தித்தாளில் பொதிந்து
நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன்.
வடசேரி போவதற்குள்
பிரேக் ஆயில் தாளில் ஊறி
ஒரு மந்திரியின் முகம் மடியில் ஒட்டியது.

ஜெனட் புஷ்பம் கடையில் மூன்றை எடுத்து வைத்தாள்.
முதலாவது பார்க்க அச்சு அசல்.
"இது மில்லிமீட்டர் மரை. உம்ம வண்டி இஞ்சு.
ரெண்டு சுத்து சிரிச்சிட்டே ஏறும்,
மூணாவதுல கடிக்கும்."
இரண்டாவது, மரை சரி.
"ஆனா இதுவும் அழுத்தம் கேக்கும்.
உமக்கு எது கூடுதல் அண்ணே, காலா கோவமா?"
நான் பதில் சொல்லவில்லை.
மூன்றாவதை என் பக்கம் தள்ளினாள்.
பெடலில் வைக்கிறது, டிராக்டருக்கு உள்ளது,
பேனா மூடிபோல ஒரு கருப்பு முனை.
"பெடல் ஒரு நூல் அசஞ்சா போதும்."
பழைய துளையை அடைக்க இஞ்சு மரையில் ஒரு பிளக்,
ஒரு செம்பு வாஷர்.
சில்லறைக்குப் பதில் ஒரு பியூஸ் தந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து
கடன் வாங்க வந்த செல்வதாசனை
டிரைவர் சீட்டில் ஏற்றி உட்காரவைத்தேன்.
அவன் மிதிக்க, நான் வீலுக்கடியில் கிடந்து
குழாயிலிருந்த காற்றை விட்டேன்.
"மிதி. பிடிச்சுக்க. விடு."
"முட்டைக்காரன வேல வாங்குதீரே ஓய்."

பெடலுக்கு மேலே ஸ்விட்ச் நிற்க ஒரு தகடு வேண்டும்.
கதவின் பழைய கீல் ஒன்று கிடந்தது.
ஒரு பக்கத்தை அறுத்தேன்,
துளைகள் ஏற்கெனவே இருந்தன,
ஒன்றை மட்டும் அரத்தால் அகட்டினேன்.
அரத்தூள் கண்ணில் விழுந்து
அரைமணி நேரம் போனது.

பிறகு இடம் மாறினோம். அவன் பின்னால் போய் நின்றான்.
"எரியுது!"
நான் இன்னும் மிதிக்கவில்லை.
நட்டைத் தளர்த்தி, முனையை முன்னே விட்டு,
அரைச் சுற்று.
"எரியுது."
கால் சுற்று.
"அணஞ்சுது ஓய்."
காலை வைத்தேன்.
"எரியுது."
"நான் மிதிக்கல்ல, சும்மா வச்சேன்."
"அது எனக்குத் தெரியாது. எரியுது."

அவன் சொன்னதை நம்பி நட்டை இறுக்கினேன்.
சீட்டில் இருக்கிறவன்
அந்தச் சிவப்பைப் பார்க்க வழியில்லை.
மீதிக் கடனை வாங்கி எண்ணிவிட்டு
வலதுபக்க பல்பு மங்கல் என்றான்.
அதையும் மாற்றினேன்.

திங்கள் விடியுமுன் நல்ல மழை.
அறுபது குலை, தார்ப்பாய் இழுத்துக் கட்டியது.
இறக்கம் தொடங்கும் இடத்தில்
கண்ணாடியில் ஒற்றை விளக்கு,
முட்டைத் தட்டுகளின் உயரமான நிழல்.
பெடலில் காலை வைத்தேன்,
அவ்வளவுதான்,
வேகம்கூட இன்னும் குறையவில்லை.

கண்ணாடியில் அவன் விளக்கு
சிறுத்தது.