பதினெட்டு எடுத்தால் போதும்

கோட்டை ஸ்டேஷனில் ஏறி
ஜன்னலோரம் கிடைத்ததும் ஆரம்பிக்கிறேன்.
லெஸ்டரில் உனக்கு இப்போது சாப்பாட்டு இடைவேளை.

எட்டாம் ஹென்றிக்கு எத்தனை மனைவிகள்?
ஆறு என்கிறாய், வாயில் ரொட்டியோடு.
எதிர்சீட்டு அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.

குப்பைத்தொட்டியை என்றைக்கு வெளியே வைக்கலாம்?
சொன்ன நாளில் மட்டும்.
இதுகூடவா பாடம், இளங்கீரா?
நம் மாடிவீட்டுக்காரருக்கு
யாராவது இந்தப் பரீட்சையை வைத்தால் தேவலை.

இங்கிலாந்தின் காவல் புனிதர் யார்?
யோசிக்கிறாய்.
இன்னும் யோசிக்கிறாய்.
பதினோரு வருஷமாக அவர் கோட்டைக்குள்தான்
கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறேன்,
மேசைக்கடியில் எலி ஓடும் பிரிவில்.
ஜார்ஜ்டா, மக்கு.

கிண்டியில் கூட்டம் இறங்கியபின் கூட்டிப் பார்த்தேன்:
இருபத்துநாலுக்குப் பத்தொன்பது.
பாஸ்.
நீ கத்தியது பெட்டி முழுக்கக் கேட்டிருக்கும்.

திரிசூலத்தில் வண்டி நிற்கிறது.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் விமான நிலையம்,
வெளிச்சமாக.
உள்ளே, முத்திரை குத்துமிடத்தில்
நமக்கு ஒரு வரிசை
வெளிநாட்டவர்க்கு ஒரு வரிசை.
அம்மாவின் திவசத்துக்கு வரும்போது
எதில் நிற்பாய் என்று
கேட்க வாயெடுத்தேன்.

தப்பான அஞ்சையும்
திரும்பக் கேளுக்கா
என்கிறாய்.