பென்சிலால் மட்டும்

யூஜினிக்கு அந்த வியாழன் ஐம்பது.
சேலை வேண்டாம் என்றாள். மோதிரம் அடகுக்குத்தான் போகும் என்றாள்.
வங்கியில் ஐந்து நாள் மற்றவர் காசை எண்ணுகிறவள்
சனிக்கிழமையானால் மாதா கோயில் அறையில்
செல்லரித்த ஞானஸ்நானக் கொப்பிகளுக்குள் இறங்கிவிடுவாள்.
டொக்யார்ட்டில் கொல்லனாயிருந்த சூசைமுத்துவுக்கு
இரண்டாம் தாரம் ஒன்று இருந்ததைக் கண்டுபிடித்த அன்று
பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவளுக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவளுக்கு என்ன வாங்குவது?

மத்திய வீதியில் றிஸ்மியின் கடையில்
பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துப் பார்த்தேன்.
போன வருசமும் அதுதான். அதற்கு முதல் வருசமும்.
வெள்ளைக் கையுறை வாங்கினால் சண்டை வரும்:
"பழைய தாளைக் கழுவின கையாலதான் தொடோணும்,
துணி மாட்டினா விரலுக்குக் கண் போயிடும்."
ஸ்கானர் விலையைக் கேட்டேன். கேட்டதோடு சரி.
துறைமுகத்தில் வேலை செய்யும் சகாயநாதன்
கழித்துவிட்ட கடல் வரைபடம் ஒன்று தந்தான்,
கொட்டியாரக் குடாவின் ஆழமெல்லாம் எண்ணெண்ணாய்.
பின்பக்கம் வெறுமை. ஏழு தலைமுறை எழுதலாம்.

ஏழு. அங்கேதான் நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் அவள் பக்கம்
குளிர்பெட்டியைத் தாண்டிக் குசினிக் கதவைத் தொட்டுவிட்டது.
என் பக்கம் நான் மட்டும்.
மேலே ஒரு கேள்விக்குறி.
இருபத்துநாலு வருசத்துக்கு முன் ஒருதரம் கேட்டாள்.
"பத்திரமெல்லாம் எரிஞ்சு போச்சு" என்றேன்.
இந்த ஊரில் அந்தப் பதிலை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.
எத்தனையோ பேருக்கு அது உண்மை.
அவர்களுடைய சாம்பலில் ஒரு பிடி எடுத்து
என் மீது பூசிக்கொண்டேன்.

அன்றிரவு நித்திரை இல்லை. குழாய் சொட்டியது.
மற்றவர்கள் மறைத்ததைத் தேடித் தேடியே மகிழ்கிறவள் பக்கத்தில்
இத்தனை வருசம் படுத்திருக்கிறேன்,
தலைமாட்டில் ஒரு பூட்டோடு.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டேன்.
கச்சேரியில் படிவம், முத்திரை, வரிசை.
"என்ன தேவைக்கு? பாஸ்போட்டா, வழக்கா?" லிகிதர் கேட்டார்.
"பிறந்தநாள் பரிசுக்கு."
கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"உங்கட பிறந்தநாளா?"
"இல்லை, மனிசியின்ர."

வெளியே வந்து சைக்கிளைப் பார்த்தால்
சுற்றிக் கொடுக்க வாங்கிய பூப்போட்ட தாளைக்
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று பாதி தின்றிருந்தது.
மீதியையும் அதற்கே விட்டேன்.

வியாழன் இரவு. பழுப்பு உறை, கச்சேரி உறைதான்.
யூஜினி கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள்.
தாய்: இராசபூபதி.
தந்தை: ஒரு கோடு.
பெற்றோர் விவாகம் செய்தவர்களா: இல்லை.
விரல் அந்தக் கோட்டில் கொஞ்ச நேரம் கிடந்தது.
நான் உள்துறைமுகத்து வெளிச்சங்களை எண்ணினேன்,
பதினேழு, பதினெட்டு,

"பதினோராம் தேதி எண்டு கிடக்கு.
நாங்க இருபத்தொண்டில எல்லோ கேக் வெட்டுறது?"

"அம்மா அப்பிடித்தான் சொன்னவ."

"இராசபூபதியா, இராஜபூபதியா? அவ எப்பிடி எழுதுறவ?"

"அவ எழுதி நான் பாத்ததில்லை.
ஆசுப்பத்திரியில துணி தோய்ச்சவ."

எரிந்த பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
அது பிறகு வரும், எனக்குத் தெரியும்.
கதிரையில் ஏறிக் கேள்விக்குறியை அழிரப்பரால் தேய்த்தாள்,
கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.
பெயரை எழுதினாள். பென்சிலால்.
இரண்டாவது சான்று கிடைக்கும்வரை பேனை தொடமாட்டாள்,
சூசைமுத்துவுக்கும் அதே சட்டம்தான்.

பிறகு இறங்காமலே கேட்டாள்:
"தோய்க்கிற ஆக்களின்ர சம்பளப் புத்தகம்
ஆசுப்பத்திரியில இன்னும் இருக்குமோ?"

கேக்கில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது.