இடது தோள்

பணகுடிக்கு மேற்கே, கணவாய் வாய் திறக்கும் இடத்தில்
காற்றாலை இறக்கைகளை இறக்கி வைக்கப் போட்ட
கான்கிரீட் தளம்.
கிரேன் போனபின் யாருக்கும் வேண்டாத அந்தச் சதுரத்தில்தான்
சக்கரக் காலால் எட்டு போடப் பழகினேன்.
வடக்கே பார்த்துக் குதிப்பேன்,
இடது தோள் மேற்குக்கு.
அப்பா அங்கே இரவுக் காவல்.
செம்பு ஒயர் திருடர்களுக்கென்று கம்பெனி கொடுத்த டார்ச்
என் குதிகாலைத் துரத்திக்கொண்டிருக்கும்.

போனில் ஒரு பின்லாந்துப் பிள்ளை.
பெயரை உச்சரிக்க இன்றுவரை தெரியாது.
என் வயதுதான். பனிக்கட்டி மேல்
கத்தி முனையில் சுற்றுகிறாள்.
விழுந்தால் அவள் தொடையில் வெள்ளைத் தூள்,
என் முழங்காலில் எம்-சாண்ட்.
அவள் எழுந்ததைத்தான் ஐம்பது தடவை
நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
குதித்ததை அப்புறம்.

மாவட்டப் போட்டி பாளையங்கோட்டையில்.
என் பிரிவில் மூன்று பேர். மூன்று பதக்கம்.
பிரின்சிக்கு வெண்கலம் என்று கோயிலில் பூசை முடிந்து அறிவித்தார்கள்,
எல்லாரும் கைதட்டினார்கள்.
எத்தனை பேர் ஆடினீர்கள் என்று நல்லவேளை ஒருவரும் கேட்கவில்லை.
மாநிலத்தில் ஐந்தாவது.
மறுவருஷம் இரண்டாவது,
கோயம்புத்தூர்க்காரியின் முன்சக்கரம் கழன்ற புண்ணியத்தில்.

மொகாலிக்கு மூன்று ராத்திரி ரயில்.
மைக்கில் என் பெயரை உடைத்து, அப்பா பெயரை ஒட்டி
வேறு யாரையோ கூப்பிட்டார்கள்.
நான் போனேன்.
உள்ளரங்கம். மரத் தரை. முகம் பார்க்கலாம்.
பாட்டு தொடங்கக் கை விரித்து நிற்கையில்தான் உறைத்தது:
பாவாடை விளிம்பு அசையவில்லை.
இந்த ஊரில் காற்றே இல்லை.

ஆறு வருஷமாய் மேல்காற்றில் முட்டுக்கொடுத்து நின்ற உடம்பு
வழக்கம்போல் சாய்ந்தது.
தாங்க அந்தப் பக்கம் யாரும் இல்லை.
ஆக்செலில் விழுந்தேன். மறுபடி, சும்மா திரும்பும்போது.
பதினாலு பேரில் பதினொன்று.
நடுவர் தாளில் பேனா ஒரே ஒரு வரி எழுதியிருந்தது:
இடது தோள் சரிகிறது, காரணம் தெரியவில்லை.

எனக்குத் தெரியும்.
ஆனால் கணவாயை எப்படி மூடுவது?

ஆடியில் கல்யாணம் கிடையாது.
வள்ளியூர் மண்டபத்தில் சுடலைக்கண்ணு அண்ணாச்சி
ஜன்னலெல்லாம் சாத்தி, ஒரு டியூப்லைட் போட்டுக் கொடுத்தார்.
"தரையில கோடு விழுந்தா துட்டு கேப்பேன், பாத்துக்கோ."
மேடையில் கழற்றாத தெர்மாகோல் மயில்கள் இரண்டு,
அவைதான் நடுவர்கள்.
வெளியே மேல்காற்று ஷட்டரை உலுக்கும்.
உள்ளே நான் குச்சி மாதிரி நிமிர்ந்து நிற்கப் படித்தேன்,
குழந்தை நடை படிப்பதுபோல அசிங்கமாக.
ஒருநாள் சக்கரத்தடியில் ஒரு மணி அட்சதை.
யாருக்கோ தூவிய தீர்க்காயுசு,
என் மோவாயில் மூன்று தையல்.

போன மார்கழி, விசாகப்பட்டினம்.
ஆக்செலில் கால் ஊன்றிவிட்டேன்.
கொஞ்சம் தடுமாற்றம், ஆனாலும் ஊன்றிவிட்டேன்.

"ஏட்டி, எத்தனாவது?"
"ஏழாவது."
"எத்தன பேர்ல?"
அப்பாதான் அதைக் கேட்டார், அவர் ஒருவர்தான்.
"பத்தொம்பது."
கொஞ்ச நேரம் போனில் காற்றுச் சத்தம் மட்டும்.
"நம்ம ஏழாம் நம்பரும் இன்னைக்கி ஓடுது," என்றார்.
மாசத்தில் பாதி நாள் நிற்கிற காற்றாலை அது.

இப்போது மறுபடி ஆடி.
மண்டபத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்,
ஒரு வாரம் விடுமுறை.
தளத்துக்கு வந்தேன். வடக்கே பார்த்து நின்று
முழு எடையையும் இடப்பக்கம் விட்டேன்.
பிடித்துக்கொண்டது.
கெட்ட பழக்கம், கூடாது,
மூன்று மாதத்தில் தேர்வுப் போட்டி.
அப்பாவை டார்ச்சை அணைக்கச் சொன்னேன்.
இன்னொரு முறை.

சக்கரமெல்லாம் மணல்.
பேரிங் கழுவ, நாளை அவர் பைக்கிலிருந்து
கால் லிட்டர் பெட்ரோல் இறக்க வேண்டும்.