கேட்கும் பக்கம்

மாதக் கடைசிச் சனிக்கிழமை
மல்லாவி மில்லில் பின்னேரம் நெல்லுக் குத்துவதில்லை.
நாலரைக்கு மெசினை நிற்பாட்டி
வார்ப்பட்டியைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு
திறப்பை என்னிடம் தருவார் முதலாளி.
"தவிட்டு மூட்டையில ஒருத்தரும் இருக்கக்கூடாது."
அவர் போட்ட ஒரே நிபந்தனை.
முதல் மாதமே மீறியாயிற்று.

கதிரை இருபத்திமூன்று.
பதினெட்டு வாசிகசாலையில் இரவல்,
மிச்சம் எங்கள் வீட்டில்,
அதில் ஒன்றுக்கு ஒரு கால் கட்டை.
மைக் இல்லை, பெட்டி இல்லை.
ஒலிபெருக்கிக் கணேந்திரன் இரண்டுதரம் வந்து
பாதி விலைக்குத் தாறன் என்றார்.
மூன்றாந்தரம் ஒன்றும் சொல்லாமல் வந்து
மூட்டையில் இருந்து கேட்டுவிட்டுப் போனார்.

கதிரை போடுவது என் வேலை.
வரிசை பார்ப்பதில்லை,
காது பார்த்துப் போடுகிறேன்.
தபாற்கந்தோர் சிவபாக்கியத்துக்கு வலது கேளாது.
வலதுகோடியில் இருத்தினால்
எல்லாம் இடப்பக்கமாக வந்து சேர்ந்துவிடும்.
கொண்டக்டர் ரமணனுக்கு இடது, ஆகவே வாசலோரம்.
இரண்டும் மந்தமான பரஞ்சோதி
மிருதங்கத்துக்கு முன்னால் நிலத்தில்,
சீமெந்தில் உள்ளங்கையை விரித்து வைத்தபடி.
எந்த வருசம், எந்த இடம்
நான் கேட்டதில்லை.
எந்தக் காது,
அது தெரிந்தால் கதிரை போடலாம்.

ஐப்பசி மாதம்
நித்தியவாணி வில்லை எடுத்து
நாட்டைக்குறிஞ்சியில் நாலு அடி நடந்திருப்பாள்,
தகரத்தில் கொட்டியது மழை.
"அமிர்தவர்ஷினி ஒண்டும் நான் வாசிக்கேல்லை"
என்று அவள் சொன்னதை
வாய் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டோம்.
வில் போகிறது, வருகிறது,
சத்தம் மழைக்குள்.
ஆட்கள் கதிரையை இழுத்தார்கள் கிட்ட,
இன்னும் கிட்ட,
முழங்கால் முழங்காலோடு முட்ட.
ரமணனின் செவிட்டுப் பக்கம்
சிவபாக்கியத்தின் செவிட்டுப் பக்கத்தோடு வந்து சேர்ந்தது.
என் ஒழுங்கெல்லாம் போயிற்று.

காத்திருந்தோம்.
பிளேன்ரீ ஆறியது.
சும்மா இருக்க வாய்க்கு முடியாமல்
வாணியின் காதுக்குள் கத்திச் சொன்னேன்:
எனக்கு இடதில் ஒரு கூவல் இருக்கு,
ராத்திரியில் தண்ணி மோட்டர் ஓடுகிற மாதிரி.
மழைக்கும் அது அடங்காது.
நீ சுருதி சேர்க்கேக்கை
மேல் சட்ஜத்துக்கு அரைச் சுரம் தள்ளி நிற்கும், எப்பவும்.

பிரதேச சபையில் கணக்குப் பார்க்கிறவள்.
அரைச் சுரம் என்றதும்
சில்லறை குறைந்ததுபோல நிமிர்ந்தாள்.
"பாடிக் காட்டுங்கோ."
பாடினேன், என் குரலில், என் வெட்கத்தில்.
"அப்ப அதுக்கே சேர்த்துப் பாப்பம்."

பிரடையைத் திருகினாள்.
நரம்பு அறுந்தால் யாழ்ப்பாணம்தான் போகவேண்டும்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.
தேவகடாட்சம் முறைத்தார்:
"ஈரத்தில தோல் இறங்குது, நீ ஏத்துறாய்."
இருந்தும் கல்லை எடுத்து
விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினார்.
யூட் றெஜினோல்ட் கிற்றாரின் கழுத்தில்
ஒரு கிளிப்பைக் கொழுவிவிட்டுச் சிரித்தான்,
அவனுக்கு அவ்வளவுதான் பாடு.

மழை விட்டது சட்டென்றல்ல,
பீலியில், பிறகு வாளியில்,
பிறகு எங்கேயோ ஒரு சொட்டில்.
அவள் முதல் சட்ஜத்தை இழுத்தாள்.

மோட்டர் எங்கே என்று தேடினேன்.
இருந்தது.
வில்லுக்கு அடியில் பாய் விரித்ததுபோல,
தம்புரா இல்லாத கச்சேரிக்கு
ஒரு தம்புராபோல,
எனக்கு மட்டும்.
பரஞ்சோதி நிலத்திலிருந்து கையை எடுக்கவில்லை.
கடைசி பஸ் மாங்குளம் றோட்டில் ஹோர்ன் அடித்தது.
ரமணன் எழும்பவில்லை,
இன்றைக்கு அது அவர் பஸ் இல்லை.

பிஸ்கட் ரின்னில் ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்,
ஒரு புரி ஆணி.
கதிரைகளை அடுக்கினேன்.
திறப்பைக் கொடுக்கப் போகும் வழியில்
தவளை, ஈரப் புழுதி, ஆமி முகாம் லைற்,
இடது காதில் அது.

இவ்வளவு காலத்தில் நானாக
அதைக் காதுகொடுத்துக் கேட்டது
அன்றைக்குத்தான்.
கொஞ்சம் ஏறித்தான் நிற்கிறது,
வாணி சரியாகத்தான் பிடித்திருக்கிறாள்.