வெள்ளை என்றால் சூடு

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
பனியைத் துளைப்பது எது என்று யாரோ கேட்டு
டெண்டர் விட்டதில்
மண்டபம் வடகடல் கோபுரத்தில்
இந்தக் கேமரா வந்து உட்கார்ந்தது.

விற்க வந்தவர்
மேகத்தையும் ஊடுருவும் என்றார். பாதி நிஜம்.
மெல்லிய பனியில் இரண்டு மைல் தெரியும்,
பாலாய்த் திரண்டுவிட்டால்
கோபுரத்தடி நாய்க்குத் தெரிவதுதான் எனக்கும்.

திரையில் நிறம் கிடையாது.
வெள்ளை என்றால் சூடு.
எஞ்சின் எரியும், ஆட்கள் மங்கலாய் எரிவார்கள்,
உலை வைத்தால்
பானைதான் படகிலேயே பெரிய ஆள்.
மூக்குக்கண்ணாடி போட்டவருக்குக் கண் இருக்காது,
இரண்டு கறுப்புக் குழி.
எந்த ஊர், எந்தக் கொடி, எந்தச் சாமி,
வெப்பத்தில் வராது.
படிவத்தில் கேட்பார்கள்.

அன்று மூன்று நாற்பதுக்கு
கூப்பிடு தூரத்தில் ஒரு நாட்டுப்படகு.
ஐந்து வெள்ளை. ஐந்து பேர் என்று எழுதினேன்.
டீயை வைத்துவிட்டுத் திரும்பினால் நான்கு.
ஐந்தாவது ஆள் பானையாக இருக்கும் என்று
அடிக்கப் போனவள்
அமரத்து விளிம்பில் ஒரு கறையைப் பார்த்தேன்.
கை இல்லை.
கை பிடித்திருந்த சூடு மட்டும்
மரத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

நனைந்த உடம்பு இந்தக் கண்ணுக்கு ஆகாது.
சட்டையும் கடலும் ஒரே சாம்பல்.
தலை மட்டும் ஓர் அரிசி;
அலை ஏற்றினால் உண்டு,
இறக்கினால் இல்லை.

வயர்லெஸ்ஸில் கத்தினேன்:
அமரத்துக்குப் பின்னால் பத்துப் பாகம்.
வலது. இன்னும் வலது.
"ஒண்ணுமே தெரியலையே தாயி."
தெரியாது. கையை நீட்டுங்க.
"எங்கிட்டு?"
நீட்டுங்கண்ணே.

ஒரு வெள்ளை குனிந்தது.
அரிசி அதில் ஒட்டியது.
அப்புறம் ஐவரும் ஒரே கட்டியாய்க் கிடந்தார்கள்.
கட்டிப் பிடித்தார்களோ, அடித்தார்களோ,
சூட்டில் இரண்டும் ஒரே மாதிரி.

பதிவேட்டில் இருக்கிறது:
3.40, ஐந்து.
3.51, நான்கு.
4.04, ஐந்து.
நடுவே எழுதக் கட்டம் இல்லை.

இரண்டு நாள் கழித்து
கையெழுத்துப் போட நம்புவேல் வந்தார்.
சோடாபுட்டிக் கண்ணாடி, உப்பேறிய காது.
எனக்கு அடையாளம் தெரியவில்லை,
அவருக்கு என் குரல் தெரிந்தது.
நீங்கதானா என்றார், வேறெதுவும் கேட்கவில்லை.
மேசையில் ஊன்றியிருந்த கையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த இடத்தில்
கொஞ்ச நேரம் நான்
ஃபைல் எதையும் வைக்கவில்லை.